குலசிங்கம் மாஸ்ரரின் கடைசிப் பூச்சு

காலையில் என்னுடைய கைத்தொலைபேசி அடித்தால் அது குலசிங்கம் மாஸ்ரராகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் வேறு யாரும் என்னைத் தேடுவதில்லை. அவருக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: மயிலிட்டியில் காற்று எப்படி. சண்டிலிப்பாயில் தன் பின்வளவுக் கொட்டிலுக்குள் இருக்கும் மனிதர், வார்னிஷ் தகரத்தைத் திறப்பதா மூடி வைப்பதா என்று தீர்மானிப்பது நான் சொல்லும் காற்றை வைத்துத்தான். கடலோரத்தில் ஏறும் ஈரம் மத்தியானத்துக்குள் தன் வளவுக்கு வந்து சேர்ந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. "உங்கை எப்பிடி, மாஸ்ரர்?" என்பார். வணக்கம் கிடையாது, சுகம் விசாரிப்பு கிடையாது.

அன்றும் அடித்தது. திரையில் அவருடைய பெயர்தான். நான் துறைமுகத்து அணையில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றேன். எடுத்தவுடனே, "காத்து நல்லாயிருக்கு, மாஸ்ரர். இண்டைக்குப் பூசலாம்" என்றேன்.  மறுபக்கத்தில் பேசியது அவருடைய மனைவி மகேஸ் அக்கா. "மாஸ்ரர், அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். விடியப்புறம் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனவர், துவைக்கிற கல்லில் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டாராம். மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். நான் "ஓம்" என்றேன்.  தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். நூலைச் சுருட்டினேன். மிச்ச இரையைக் கடலில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவினேன். வாளியை நன்றாகவே கழுவினேன்.

எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை. அவரைத் தெரிந்த உங்களிடம் வேறு மாதிரி எழுதிக் காட்ட எனக்கு விருப்பமும் இல்லை. காலில் நெடுநேரம் குந்தியிருந்து எழும்பினால் கால் நம்முடையதுபோல இருக்காதே, அப்படித்தான் இருக்கிறது. நடக்கமுடிகிறது. பேருந்து ஏறமுடிகிறது. சாப்பிடவும் முடிகிறது.

செத்தவீட்டில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். யாரும் கவனிக்காத நேரத்தில் பின்பக்கக் கொட்டிலுக்குப் போனேன். கூரை வளைமரத்திலிருந்து கயிற்றில் ஒரு மூங்கில் தூண்டில் தடி தொங்கியது. தூண்டில் நூல் ஓடும் வளையங்களைப் பிடித்துவைக்கும் பச்சை நூற்கட்டு நான் கட்டியது. மற்றதெல்லாம் அவருடைய வேலை. சின்ன விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கடைசிப் பூச்சு ஒன்றுதான் பாக்கி. அதைப் பூசத்தான் அன்று காலை என்னிடம் காற்றுக் கேட்டிருப்பார்.

சடங்குகள் முடிந்த பிறகு மகேஸ் அக்கா இரண்டு விஷயம் கேட்டார். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் நான் அவரைப்பற்றி எழுதவேண்டும். இரண்டாவது, அந்தத் தடியை நான் முடித்துக் கொடுக்கவேண்டும்; அன்றைக்குப் படையலில் அவருடைய சாமான்களோடு அதையும் வைக்கவேண்டும். எழுதுவதற்கு உடனே ஓம் என்றேன். தடிக்கு என்ன சொன்னேன் என்பது ஞாபகமில்லை. தலையை ஆட்டியிருக்கவேண்டும். நூல் கட்டுவதுதான் என் வேலை. பூச்சு என்பது அவருடைய ராச்சியம். அதற்குள் காலை வைத்தவர்கள் என்ன பேச்சு வாங்கினார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவன்.

எங்களுக்குள் பழக்கம் வந்தது பள்ளிக்கூடத்தில். யுத்தத்தில் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து சண்டிலிப்பாய்க்கு வந்த கடற்கரைக் குடும்பம் எங்களுடையது. நான் சமூகக்கல்வி படிப்பித்தேன், அவர் விஞ்ஞானம். ஒரே வயது. அவர் எனக்கு மாஸ்ரர், நான் அவருக்கு மாஸ்ரர். எங்கள் வாடகை வீட்டில் மீன் காய்ச்சும் மணம் போகிறது என்று சுற்றியிருந்த வளவுக்காரர்கள் வேலியை ஓலை வைத்து உயர்த்திக் கட்டினார்கள். அவருடைய பக்கத்து வேலி இருந்தபடியே இருந்தது. இத்தனைக்கும் அவர் பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. "எங்கடை வீட்டு மணம் உமக்குக் கரைச்சல் இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். "மணம் என்ன, வேலிக்கு மேலாலை வராதோ? ஓலைக் காசு எனக்கு வீண்" என்றார். அவ்வளவுதான் அதைப்பற்றி எங்களுக்குள் நடந்த கதை.

மீன் சாப்பிடாத மனிதர் தூண்டில் தடி செய்யத் தொடங்கியதை உங்களில் பலர் பகிடி பண்ணினீர்கள். அது நடந்த விதத்தை நான் சொல்லவேண்டும். இராணுவம் இடத்தை விட்டு, மயிலிட்டிக்குத் திரும்பிப் போகலாம் என்றானபோது எங்கள் காணியைப் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தில் பற்றைதான். கிணறு மட்டும் இருந்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு துறைமுகத்துப் பக்கம் நடந்தோம். அங்கே ஒருவருடைய மூங்கில் தடி, மீன் இழுத்தபோது கணுவோடு பிளந்துவிட்டது. மாஸ்ரர் அந்தத் துண்டை வாங்கி, வெயிலில் பிடித்து, உள்பக்கத்தை நகத்தால் கிளறினார். கறுத்து இற்றுப்போயிருந்தது. "உதுக்கு ஒருத்தரும் ஒண்டும் பூசேல்லையே?" என்றார். தடிக்காரர், "தடிக்கு என்னத்தைப் பூசிறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மாஸ்ரர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். என் காணியைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு சின்ன வீடு போட்டு மயிலிட்டியில் குடியேறிய கிழமையிலிருந்தே காற்றுக் கேட்கத் தொடங்கினார்.

மூங்கில் துண்டுகளை வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொன்று பூசினார். தேங்காயெண்ணெய் பூசினது பூஞ்சணம் பிடித்தது. ஆளிவிதை எண்ணெய் பூசினது கையில் பிசுபிசுத்துக்கொண்டே கிடந்தது. கதவு யன்னலுக்குப் பூசும் வார்னிஷ் பார்க்க அழகாக இருந்தது, வளைத்தவுடன் பொருக்காக வெடித்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரு வாளி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, எடுத்து, வேலியில் கட்டி வெயில் காட்டினார். உப்புத் தண்ணீருக்கும் நான்தான் போத்தலில் கடல்நீர் கொண்டுபோனேன். கடைசியில் வள்ளங்களின் மேல்மரத்துக்குப் பூசும் வார்னிஷில் வந்து நின்றார். முதல் பூச்சுக்கு ரர்ப்பன்ரைன் விட்டுத் தண்ணீர்போல ஆக்கி மூங்கிலைக் குடிக்கவிடுவார். காய்ந்ததும் மெல்லிய சான்ட் பேப்பரால் தேய்த்து மினுக்கத்தை எடுப்பார். அதற்குமேல் கொஞ்சம் தடிப்பாக அடுத்தது. பிறகு தேய்ப்பு, பிறகு பூச்சு. ஒரு தடி முடிய மாதம் ஆகும். கேட்டு வந்தவர்களுக்குப் பொறுமை போய்விடும். நான் மீன் பிடித்துவிட்டு வந்து ஆசையாக, "மாஸ்ரர், உம்மடை தடியிலை இண்டைக்கு நல்ல பாரை ஒண்டு பட்டது" என்று சொல்வேன். "எனக்கேன் உந்தக் கதை? தண்ணி உள்ளை போச்சோ எண்டு சொல்லும்" என்பார்.

திருநீற்றுக் கதை உங்களில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். ஆரம்பத்தில் செய்த தடிகளில், என்ன கவனமாகப் பூசினாலும், காய்ந்த பிறகு பார்த்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி இருக்கும். தூசு என்றார். கொட்டில் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்தார். யன்னலுக்குச் சாரத்தைக் கட்டினார். ஆட்டைக் கொண்டுபோய் முன்வளவில் கட்டினார். வேப்பமரத்தில் குற்றம் கண்டு ஒரு கொப்பையே தறித்தார். என்னைக்கூடச் சந்தேகப்பட்டார், தலையில் பொடுகு இருக்கிறதா என்று. புள்ளி போகவில்லை. ஒருநாள் மகேஸ் அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தவர், வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கடை நெத்தியை ஒருக்காப் பாருங்கோவன்." விடியக் கோயிலுக்குப் போய், மூன்று குறியும் நிறையப் பூசிக்கொண்டு வந்து, நேரே தடிக்கு மேலே குனிகிற மனிதர். காய்ந்த திருநீறு பொலபொலவென்று ஈர வார்னிஷில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் சிரித்த சிரிப்புக்கு அவர் என்னோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

அதற்காகத் திருநீற்றை அழித்துவிட்டுப் பூசுவாரா என்றால், மாட்டார். பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, நெற்றியைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பூச்சு வேலையென்றால் அந்தத் துணி நெற்றியில் இருக்கும். பார்க்கிறவர்கள் காய்ச்சலா என்று கேட்பார்கள். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அன்று தடிக்குக் கிட்டவே போகமாட்டார். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் வார்னிஷ் ஒட்டாமல் விலகி ஓடிவிடும். வீட்டுக்கு வருகிறவர்கள் தொங்குகிற தடியைக் கண்டால் கையை நீட்டாமல் இருக்கமாட்டார்கள், மினுக்கம் அப்படி. அவர் எங்கே நின்றாலும் அங்கிருந்து குரல் வரும்: "தொடாதேங்கோ, காயேல்லை." காய்ந்து கிழமை போன தடிக்கும் அதையே சொல்வார். "மேலை காஞ்சிருக்கும், உள்ளை பச்சை. உது உள்ளை காயிறதை ஒருத்தராலையும் அவசரப்படுத்தேலாது" என்பார்.

எங்களுக்குள் பெரிய சண்டை ஒன்று வந்தது. வெளிநாட்டிலிருக்கும் என் மருமகன் இரண்டு சிறு போத்தல்களில் எபொக்சி கொண்டுவந்து தந்தான். இரண்டையும் சம அளவில் கலந்து நூற்கட்டுக்கு மேலே பூசி, தடியை உருட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த நாளே கண்ணாடிபோல இறுகிவிடும். என்னுடைய சொந்தத் தடிக்கு அதைப் பூசிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு மாத வேலை ஒரு நாளில் முடிந்ததே என்ற சந்தோசம் எனக்கு. மாஸ்ரர் வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். நகத்தால் தட்டினார்.

"நல்ல மினுக்கம்" என்றார்.

"பிறகென்ன?"

"நாளைக்கு உது எங்கையாவது வெடிச்சுதெண்டா என்ன செய்வீர்?"

"வெடிக்காது."

"வெடிச்சா? வார்னிஷெண்டா அந்த இடத்தைத் தேய்ச்சுப்போட்டுத் திரும்பப் பூசலாம். உதைச் சுரண்டினா நூலும் சேர்ந்து வரும். நீர் தடிக்குச் சட்டை போடேல்லை, மாஸ்ரர். சீமெந்து பூசியிருக்கிறீர்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூங்கிலை மனிசனைவிட மோசமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர் என்று நானும் சொன்னேன். இருவரும் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. அந்த நாட்களிலும் காலையில் தொலைபேசி அடித்தது. "உங்கை எப்பிடி?" என்பார். "வாடைக்காத்து" என்பேன். வைத்துவிடுவார். அந்த எபொக்சித் தடி இன்றுவரை வெடிக்கவில்லை, மஞ்சளாகவும் இல்லை. இதை அச்சில் போட்டுவைக்கிறேன். மறுத்துக் கதைக்க அவர் இல்லை. இருந்திருந்தால், இன்னும் காலம் கிடக்கு, பாப்பம் என்றிருப்பார்.

இனி இந்தத் தடிக்கு வருகிறேன். யாருக்கென்று அவர் என்னிடம் சொல்லவில்லை. பச்சை நூல் கட்டித் தாரும் என்று மட்டும் சொன்னார். யாரோ வெளிநாட்டுக்காரர் சுவரில் மாட்டக் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். தனக்கென்று செய்த தடி அது என்பது மகேஸ் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மழை முடிய, தை மாதம், மயிலிட்டிக்கு வந்து என்னோடு அணையில் நிற்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். தூண்டில் முள்ளுக் கட்டமாட்டாராம். ஈயத்தை மட்டும் கட்டி வீசுவாராம். மீனுக்குக் கரைச்சல் இல்லாமல், தடி வளைகிறதா, தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்கவேண்டுமாம். என்னிடம் சொன்னால் நான் சிரிப்பேன் என்று சொல்லவில்லையாம். சிரித்துத்தான் இருப்பேன்.

தடியைப் படையலில் வைப்பதற்கு அவருடைய மூத்த அக்காவுக்கு மனமில்லை. அவர் இதை வாசிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். மகேஸ் அக்காவிடம் கேட்டேன், எழுதுங்கோ என்றார். "சைவப் படையலிலை மீன் பிடிக்கிற தடியோ வைக்கிறது, பிள்ளை? சனம் என்ன கதைக்கும்?" என்று அந்த மூத்த அக்கா கேட்டார். நான் அங்கேதான் நின்றேன். கடற்கரைக்காரன் நான் அந்தப் பேச்சுக்குள் வாயைத் திறக்கமுடியாது. மகேஸ் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "அது இன்னும் மீனைக் காணாத தடி, மச்சாள். இனிக் காணவும் போறதில்லை."  கொஞ்ச நேரம் கழித்து மூத்த அக்காவும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

ஆகவே தடி முடியவேண்டும். எதைப் பூசி முடிப்பது என்பதுதான் கேள்வி. கார்த்திகை மாதம். விட்டு விட்டு மழை. வள்ளத்து வார்னிஷ் இந்த ஈரத்தில் பூசினால் முப்பத்தொன்றுக்கு முன்னர் உள்ளே இறுகாது. எபொக்சி என்றால் மறுநாளே கையில் கொடுக்கலாம். யார் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. படையலில் வைக்கிற சாமான், நாலு பேர் எடுத்துப் பார்க்கிற சாமான், காய்ந்திருப்பதுதானே முறை என்று என் புத்தி சொன்னது. இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போவேன். கொட்டிலில் உட்கார்ந்து தடியைப் பார்ப்பேன். பைக்குள்ளிருந்து ஒன்றையும் எடுக்காமல் திரும்பி வருவேன். இப்படியே நாட்கள் போயின. மகேஸ் அக்கா அவசரப்படுத்தவில்லை. தேத்தண்ணி தருவார், போத்தலைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார்.

போன கிழமை ஒருநாள் விடியக் கடற்கரையில் நின்றேன். மழை விட்டு, காற்றுத் திரும்பி, கை மயிர் உலர்கிற மாதிரி ஒரு காலை. கேட்க ஆளில்லாத காற்று.  பிறகு நானே அவருடைய இலக்கத்தை எடுத்தேன். மகேஸ் அக்கா பேசினார்.

"காத்து நல்லாயிருக்கு" என்றேன்.

 "அப்ப வாங்கோ, மாஸ்ரர்" என்றார்.

எபொக்சியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அது என்னுடைய தடியென்றால் வேறு. இது அவருடையது. முகம் கழுவிக்கொண்டு கொட்டிலுக்குள் போனேன். அவருடைய நெற்றித்துணி ஆணியில் கிடந்தது. நனைத்துப் பிழிந்து கட்டிக்கொண்டேன். நானும் திருநீறு பூசுகிறவன்தான். பூச்சுக்கு முன்னர் மினுக்கத்தை எடுக்கவேண்டும். அடியிலிருந்து மெல்லத் தேய்த்துக்கொண்டு வந்தேன். கைப்பிடிக்கு மேலே, முதலாவது நூற்கட்டுக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் புள்ளி. துணியைக் கட்ட மறந்தாரோ, கட்டியும் விழுந்ததோ தெரியாது. குண்டூசித் தலையளவுதான் இருக்கும். திருநீறு.

அவருடைய சட்டப்படி அதைத் தேய்த்து எடுக்கவேண்டும். ஒரு புள்ளிக்காக முழுப் பூச்சையும் வழித்தெறிந்த மனிதர் அவர். சான்ட் பேப்பரை அந்த இடத்துக்கு மேலே பிடித்தபடி நெடுநேரம் இருந்தேன். பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்தேன். தகரத்தைத் திறந்தேன். மெல்லியதாக, ஒரே வீச்சில், திரும்பப் பிறஷைக் கொண்டுபோகாமல், அவர் பூசுவதுபோலப் பூசினேன். புள்ளிக்கு மேலாலும் பூசினேன். அது உள்ளே இருக்கிறது. இனித் தண்ணீர் அதைத் தொடாது. தடியைக் கயிற்றில் தூக்கிக் கட்டிவிட்டு, பிறஷைக் கழுவிவிட்டு, பேருந்துக்கு வந்தேன்.

நீங்கள் இதை வாசிக்கும்போது அவருடைய முற்றத்துப் பந்தலுக்குள் இருப்பீர்கள். படையலில் அவருடைய கண்ணாடி இருக்கும், மணிக்கூடு இருக்கும், அந்தத் தடியும் இருக்கும். எல்லாம் முடிந்த பிறகு தடியை என்னிடம் தருவதாக மகேஸ் அக்கா சொல்லியிருக்கிறார். தை மாதம் அணைக்குக் கொண்டுபோவேன். முள்ளுக் கட்டமாட்டேன். நெற்றித்துணியை ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டேன், கேட்காமலே. காலையில் எழும்பிக் காற்றைப் பார்க்கிற பழக்கமும் என்னிடம் தங்கிவிட்டது; அதை யாரிடம் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

ஒன்று மட்டும். தடி நல்ல மினுக்கமாக இருக்கும். கை தானாக நீளும். பூசிச் சில நாள்தான் ஆகிறது, மழையும் திரும்பிவிட்டது. பார்ப்பதற்குக் காய்ந்ததுபோலத்தான் தெரியும். அவர் சொல்ல இல்லாதபடியால் நான் சொல்கிறேன்.

தொடாதேங்கோ. காயேல்லை.